காதுக்குப் பின்னால் ஒரு வீக்கம்

பிப்ரவரி 20
ஆறாம் வார்டு, பதினோராம் கட்டில்

மாப்ளே,

நான் சாகவில்லை. முதலில் இதைப் படித்து நல்ல மூச்சாக ஒன்று விட்டுக்கொள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

போன செவ்வாய்க்கிழமை நம்மூர் ஆஸ்பத்திரியில் கையை விரித்து இங்கே அனுப்பினார்களே, அன்றிலிருந்து கட்டிலின் தலைமாட்டை இத்தனை டிகிரி என்று அளந்து தூக்கிப் படுக்க வைத்திருக்கிறார்கள். நானும் முப்பது வருஷமாக அளவெடுக்கிறேன், என்னை ஒருவன் அளந்து படுக்க வைப்பான் என்று நினைத்ததில்லை. தலைக்குள் கொஞ்சம் ரத்தம் கசிந்திருக்கிறதாம். கழுத்து வழியாகத் தலைக்குப் போகிற ரத்தக்குழாய் ஒன்று கிழிந்தும் இருக்கிறதாம். எழுந்திருக்கக் கூடாது, முக்கக் கூடாது, இருமக் கூடாது, முக்கியமாகச் சிரிக்கக் கூடாது.

அதனால்தான் உன் அக்கா என் போனைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். உன்னோடு பேசினால் நான் சிரிப்பேன், சிரித்தால் ரத்த அழுத்தம் ஏறும். இது வெளியே சொல்கிற காரணம். உள்ளே இருக்கிற காரணம் உனக்கே தெரியும். "என் தம்பி கழுத்தத் திருப்பித்தான் இவருக்கு இப்படி ஆச்சு" என்று வருகிற டாக்டர், போகிற டாக்டர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் வாயைத் திறந்தால், "நீங்க பேசாதீங்க, டாக்டர் சொல்லியிருக்கார்" என்று அடைத்துவிடுகிறாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவளுக்கு இப்படி ஒரு வசதி வாய்த்ததே இல்லை.

மத்தியானம் அவள் கீழே சாப்பிடப் போகிற நாற்பது நிமிஷத்தில் இதை எழுதுகிறேன். வார்டு பெருக்குகிற அம்மா தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். நீ பதில் போட்டால் அதையும் அவரே கொண்டுவந்து தலையணைக்கடியில் சொருகுவார். தபால்காரியின் புருஷன் திருட்டுத்தனமாகக் கடிதம் போடுகிறேன், காலத்தைப் பார்.

என் கடைச் சாவி உன்னிடம்தானே இருக்கிறது? மெஷினுக்கு இடது பக்க அலமாரியில் தைத்து முடித்த ஏழு உருப்படி இருக்கும். ஒவ்வொன்றிலும் சீட்டு குத்தியிருக்கிறேன். கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுத்துவிடு. உடற்பயிற்சி வாத்தியார் பேண்ட்டை மட்டும் அவர் இடுப்பில் வைத்துப் பார்க்காமல் கொடுக்காதே. அவர் மாதத்துக்கு ஒரு இஞ்சு வளர்கிறார்.

நீ சலூனைத் திறந்தாயா இல்லையா? மழுப்பாமல் எழுது.

உன் அத்தான்


பிப்ரவரி 23

அத்தானுக்கு,

உறையின் மேல் உங்கள் எழுத்தைப் பார்த்ததும் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். முதல் வரியை மட்டும் நாலு தடவை படித்தேன்.

சலூனைத் திறக்கவில்லை. காலையில் ஷட்டரைப் பாதி தூக்குகிறேன், குனிந்து உள்ளே போகிறேன், கண்ணாடியைத் துடைக்கிறேன், கத்தரிக்கு எண்ணெய் விடுகிறேன், மறுபடி குனிந்து வெளியே வந்துவிடுகிறேன். யாராவது "என்னப்பா, வெட்டலாமா?" என்றால் "கரண்ட் இல்ல" என்கிறேன். விசிறி சுற்றுவதை அவர்கள் பார்க்கத்தான் செய்கிறார்கள்.

பதினோரு வருஷமாகச் சனிக்கிழமை ஆறு மணிக்கு நீங்கள் மெஷினை மூடிவிட்டு வருவீர்கள். நாள் பூராவும் குனிந்து தைத்த கழுத்து. இரண்டாவது நாற்காலியில் உட்காருவீர்கள், முடி இருந்தால் வெட்டுவேன், இல்லாவிட்டால் வெறுமனே பிடித்துவிடுவேன், கடைசியில் இடது பக்கம் ஒரு சொடக்கு, வலது பக்கம் ஒரு சொடக்கு. அன்றைக்கு வலது பக்கம் திருப்பும்போது சத்தம் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்டது. நீங்கள் "அப்பாடா" என்றீர்கள். எழுந்து போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என்ன அத்தான், சரக்கு இல்லாமலேயே ஏறிடுச்சா?" என்று சிரித்தேன். அதை நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் உங்களுக்குத் தலைவலி, வாந்தி. திங்கட்கிழமை நாக்குக் குழறிவிட்டது. செவ்வாய்க்கிழமை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "உன் கையால என் புருஷன இப்படிப் பண்ணிட்டியேடா. இனி என் மூஞ்சில முழிக்காத." அவள் சொன்னதில் தப்பில்லை. எனக்குக் கோபமே வரவில்லை. நம் தெருக்கோடி டாக்டரிடம் போய்க் கேட்டேன். கழுத்தை அப்படி வெடுக்கென்று திருப்பினால் குழாய் கிழியும், நிறையப் பேருக்கு ஆகாது, யாரோ ஒருவருக்கு ஆகும் என்றார். பத்தொன்பது வருஷம் திருப்பியிருக்கிறேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்கிற திமிர்தான்.

ஒன்று கேட்க வேண்டும். அன்று முடி வெட்டும்போது உங்கள் இடது காதுக்குப் பின்னால் சீப்பு தட்டியது. முடிக்குள் ஒரு வீக்கம், அரை எலுமிச்சம்பழம் அளவுக்கு. கேட்டதற்கு "அலமாரிக் கதவு இடிச்சிடுச்சு" என்றீர்கள். நான் தலையைப் பார்த்துப் பிழைக்கிறவன். ஆளின் முகம் மறந்தாலும் தலை மறக்காது. அலமாரிக் கதவு இடித்தால் நெற்றியில் இடிக்கும், உச்சியில் இடிக்கும். காதுக்குப் பின்னால் போய் எப்படி இடிக்கும்? அதை அன்றே கேட்டிருக்க வேண்டும். வீக்கத்தைக் கண்ணால் பார்த்தும், சனிக்கிழமை என்றால் கழுத்து என்று கை தானாகப் போய்விட்டது. அதுதான் என்னைத் தின்கிறது. உண்மையில் என்ன நடந்தது?

துணிகளைக் கொடுத்துவிட்டேன். வாத்தியாருக்கு நீங்கள் சொன்னபடி இடுப்பில் வைத்துப் பார்த்தேன், பட்டன் எட்டவில்லை. மனுஷர் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்து "கரெக்டா இருக்கு" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். தெருமுனை தாண்டும்வரை மூச்சு விடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன்.

நீங்கள் பிழைத்து வர வேண்டும். வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

உங்கள் மச்சினன்


பிப்ரவரி 26

மாப்ளே,

வாத்தியார் கதையைப் படித்து, சிரிப்பை அடக்கப் போர்வையைக் கடித்துக்கொண்டேன். நர்ஸ் வந்து "வலிக்குதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஊசி போட்டுவிட்டாள். இது உன் கணக்கில்.

என் வியாதியை உனக்குத் தையல் பாஷையில் சொல்கிறேன். டாக்டர் படம் போட்டுக் காட்டினார், பாதியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ரத்தக்குழாய் என்பது லைனிங் வைத்த கோட்டு. உள்ளே வழவழவென்று லைனிங், நடுவில் கனத்த துணி, மேலே ஒரு உறை. கழுத்து வெடுக்கென்று திரும்பினாலோ அடிபட்டாலோ லைனிங் கிழிகிறது. கிழிசல் வழியாக ரத்தம் லைனிங்குக்கும் துணிக்கும் நடுவே புகுந்து புடைத்துக்கொண்டு நிற்கிறது. சில பேருக்கு அது தானாக ஒட்டிக்கொள்ளும். சில பேருக்குப் புடைப்பு பெருத்துக்கொண்டே போய் ஒருநாள் தையல் விட்டுவிடும். தலையில் பட்ட அடிக்கும் இப்படி வருமாம். அன்றைக்கு எடுத்த படத்தில் ஒன்றும் தெரியாதாம், பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டுமாம்.

என் கழுத்துக் கிழிசல் சின்னது, ஆறி வருகிறது. டாக்டருக்குத்தான் மனசு ஆறவில்லை. "கழுத்துல கிழிஞ்சது ஒரு இடம், தலைக்குள்ள ரத்தம் நிக்கிறது வேற இடம். ரெண்டும் பொருந்தலியே. தலைல அடி ஏதும் பட்டுச்சா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். மூன்று தடவையும் உன் அக்கா பக்கத்தில் நின்றாள். மூன்று தடவையும் நான் "இல்லையே டாக்டர்" என்றேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அலமாரிக் கதவெல்லாம் இடிக்கவில்லை. சைக்கிளிலிருந்து விழுந்தேன்.

சிரித்து முடித்துவிட்டாயா? சரி, மேலே படி. உன் அக்கா தபால் பையோடு ஊரெல்லாம் சைக்கிள் மிதிக்கிறவள். எனக்கு அது வராது. வெளியே எங்கே போனாலும் அவள் மிதிப்பாள், நான் பின்னால் கேரியரில் உட்கார்ந்திருப்பேன். தெருவே பார்த்துப் பழகிவிட்டது. மூன்று மாதம் முன்னால் ஒருநாள் மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கிக்கொண்டே, "என் ஆயுசுல பாதி மிதி உங்களுக்காகவே மிதிச்சிருக்கேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. அவள் முழங்கால் இப்போதெல்லாம் மாலையானால் வீங்கிவிடுகிறது, உனக்குத் தெரியாது. ஒருநாளாவது அவளைப் பின்னால் உட்கார வைத்து நான் மிதிக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் வந்த ஆசை, யாரிடம் சொல்வது?

அவள் ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பியதும், சைக்கிள் கடைக்காரரிடம் வாடகைக்கு எடுத்துக்கொண்டு மூடிக் கிடக்கிற மில் மைதானத்துக்குப் போவேன். இரண்டரை மாதம் பழகினேன் மாப்ளே. நேராகப் போனேன், வலது பக்கம் திரும்பினேன். இடது பக்கம்தான் வரவில்லை. அந்த வியாழக்கிழமை துணிச்சல் வந்து கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போகலாம் என்று திரும்பினேன். கேட்டுத் தூண் திரும்பவில்லை. காதுக்குப் பின்னால் சரியான அடி, கழுத்தும் ஒருக்களித்து மடங்கியது. ரெண்டு நிமிஷம் நான் யார் என்றே எனக்குத் தெரியவில்லை. பிறகு மண்ணைத் தட்டிக்கொண்டு போய்க் கடையைத் திறந்து ரெண்டு சட்டைக்குப் பட்டன் காஜா எடுத்தேன். ரெண்டு நாள் கழித்து உன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். கழுத்து பிடித்திருக்கிறதே, நீ ஒரு சொடக்கு எடுத்தால் விட்டுவிடும் என்று நானாகத்தான் வந்தேன்.

இதை அவளிடம் நீ சொல்லக் கூடாது. என் மேல் சத்தியம். அவளுக்குத் தெரிந்தால் "நான் அன்னிக்கு அப்படிச் சொன்னதாலதானே" என்று தன் தலையில் போட்டுக்கொள்வாள். உன் மேல் இருக்கிற கோபம் ஆறிவிடும், நீ கூடப் பிறந்தவன். தன் மேல் வருகிற கோபத்தை அவள் ஆற விடமாட்டாள். கொஞ்ச நாள் பழியைச் சுமந்துகொள். உன்னிடம் இப்படிக் கேட்பது அநியாயம்தான், தெரிந்துதான் கேட்கிறேன்.

உன் அத்தான்


பிப்ரவரி 28

அத்தான்,

உங்கள் கடிதம் பதினொன்றரைக்கு வந்தது. பன்னிரண்டுக்குள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிட்டேன். என் மேல் சத்தியம் என்று எழுதினீர்கள். நீங்கள் இருந்தால்தானே உங்கள் மேல் சத்தியம்?

முதலில் அக்காவுக்குத்தான் அடித்தேன். எடுக்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரி நம்பர். மூன்று இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், இரண்டு தடவை லைன் கட்டானது. கடைசியில் உங்கள் வார்டு நர்ஸ் கிடைத்தார். "பதினோராம் கட்டில் பேஷண்ட் பன்னிரண்டாம் தேதி சைக்கிள்ல இருந்து விழுந்து தலைல அடிபட்டிருக்கார், டாக்டர்கிட்ட மறைக்கிறார்" என்றேன். "நீங்க யாரு?" என்றார். "அவர் கழுத்தத் திருப்பினவன்" என்றேன். "நேர்ல பாத்தீங்களா?" "விழுந்ததப் பாக்கல. வீக்கத்தப் பாத்தேன், இடது காதுக்குப் பின்னால, ரெண்டு விரல் தள்ளி." எழுதிக்கொண்டு எனக்கே திருப்பிப் படித்துக் காட்டினார். டாக்டரிடம் மட்டும் கொடுக்கச் சொன்னேன். அக்காவிடம் நீங்களே சொல்லுங்கள், அதில் நான் தலையிட மாட்டேன்.

மூன்று தடவை கேட்டார் என்று ஏதோ விளையாட்டு மாதிரி எழுதுகிறீர்கள். அந்த டாக்டர் பொருந்தவில்லை பொருந்தவில்லை என்று தேடுகிறார், நீங்கள் இல்லை இல்லை என்று படுத்திருக்கிறீர்கள். அளவைத் தப்பாகச் சொல்லிவிட்டுச் சட்டை சேரவில்லை என்பவர்களை நீங்கள் எத்தனை திட்டு திட்டுவீர்கள்? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

பழி எனக்குப் பழகிவிட்டது. அதைக் கழற்றிவிடுவதற்காகப் போன் செய்தேன் என்று நீங்கள் நினைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விழுந்தது உங்கள் தப்பு, அதன் மேல் நான் திருப்பியது என் தப்பு. உங்கள் தப்பு தெரிந்ததால் என் தப்பு ஒன்றும் கரைந்துபோகவில்லை.

தலையை ஆட்டாமல் படுத்திருங்கள்.

மச்சினன்


மார்ச் 3
விரைவுத் தபால்

அடேய் துரோகி,

உன்னை நம்பி ஒரு ரகசியம் சொன்னால் இருபது நிமிஷம்கூட வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. நீயெல்லாம் சலூன்காரன் என்று எந்த முகத்தோடு சொல்லிக்கொள்கிறாய்? ஊரின் ரகசியமெல்லாம் உன் கடையில்தானே கிடக்கிறது.

திட்டியாயிற்று. இப்போது நடந்ததைக் கேள்.

சனிக்கிழமை மத்தியானம் டாக்டர் கையில் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். நேராகக் காதுக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்தினார். நான் "அம்மா" என்றேன். "சைக்கிள் பழகுனீங்களாமே" என்றார். உன் அக்கா அப்போதுதான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த கை நின்றுவிட்டது. சீட்டை அவளிடம் கொடுக்க வேண்டாம் என்று நீ சொன்னது சரி, அவள் பக்கத்தில் இருக்கும்போது பேச வேண்டாம் என்று சொன்னாயா? அதைத்தான் விட்டுவிட்டாய்.

அன்றைக்கே மறுபடி படம் எடுத்தார்கள், இந்தத் தடவை தலைக்குள் இருக்கிற குழாய்களுக்காகவே மருந்து செலுத்தி. இருக்கிறது மாப்ளே. அடிபட்ட இடத்துக்கு உள்ளே, எலும்பை ஒட்டினாற்போல் ஒரு சின்னக் குழாயில் பட்டாணி அளவுக்குப் புடைப்பு. முதல் படத்தில் அது இல்லவே இல்லையாம், இப்போதுதான் வளர்ந்திருக்கிறது. முதலில் கசிந்ததும் அதே குழாய்தான் என்கிறார். "இது தெரியாமலே விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். சொல்லாமல் விட்டது நல்லாவே புரிந்தது.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன். எலும்பைத் திறந்து, புடைப்பு கிளம்புகிற இடத்தில் கிளிப் போடுவார்களாம். "துணி காயப்போடற கிளிப்பா டாக்டர்?" என்றேன். "அதுக்குத் தம்பி மாதிரி" என்றார். நல்ல மனுஷன். கழுத்துக் கிழிசல் யாரால் என்றும் கேட்டேன், உனக்காக. "விழுந்ததுலயும் கிழிஞ்சிருக்கலாம், திருப்பினதுலயும் கிழிஞ்சிருக்கலாம், கிழிஞ்சது திருப்பினதுல பெருசாவும் ஆகியிருக்கலாம். சொல்ல முடியாது. அவர இனிமே யார் கழுத்தையும் தொட வேணாம்னு சொல்லுங்க" என்றார். உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன்.

உன் அக்கா ஒன்றரை நாள் பேசவில்லை. சாப்பாடு ஊட்டினாள், போர்வையைச் சரி செய்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை, நீ வீக்கத்தைப் பற்றிக் கேட்டு எழுதியது உட்பட எல்லாவற்றையும் நானே சொன்ன பிறகுதான் பேச ஆரம்பித்தாள். "உங்களுக்குக் கேரியர் வலிச்சா சொல்லியிருக்கலாமே, நான் சீட்டு வச்சுக் குடுத்திருப்பேனே" என்று ஆரம்பித்து அழுதுவிட்டாள். பிறகு என் தலையணையைக் காட்டி, "அதுக்கடியில என் தம்பி கடுதாசி ஒண்ணு கெடக்கறது எனக்கு முதல் நாள்லேருந்தே தெரியும். என்கிட்டயே தபால் மறைக்கிறீங்களா? இருபத்தெட்டு வருஷமா அடுத்தவங்க கடுதாசியச் சுமக்கறேன், ஒண்ணக்கூடப் பிரிச்சதில்ல. இதையும் பிரிக்கல. பிரிச்சிருந்தா அன்னிக்கே கேட்டிருப்பேனே, அது என்ன வீக்கம்னு" என்றாள். நான் பயந்தது மாதிரியே எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டுவிட்டாள். ஆனால் ஒன்று, அழுது முடித்ததும் ஆரஞ்சை எடுத்து உரித்து நாலு சுளை அவளே சாப்பிட்டாள். வந்ததிலிருந்து அவள் ருசித்து எதையும் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

இன்று காலை ஒரு ஆள் வந்து, வியாழக்கிழமை மாலை தலைமுடி எடுப்போம், நான்தான் எடுப்பேன் என்றார். உன் அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க வேணாம். இவர் தலைய என் தம்பி எடுப்பான்" என்றாள். நான் வாயைப் பிளந்துவிட்டேன். "அப்ப போன் பண்ணிச் சொல்லேன்" என்றேன். "நான் பண்ண மாட்டேன். நீங்கதான் எழுதற ஆளாச்சே, எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, இந்த உறையை அவளே வாங்கி வந்து, அவளே ஒட்டி, தபாலில் போடவும் அவளே போகிறாள்.

வா.

உன் அத்தான்


மார்ச் 13

அத்தானுக்கு,

இப்போது போன் உங்கள் கையில் இருக்கிறது, நேற்றுக்கூட அரை மணி நேரம் பேசினோம். அக்கா நடுவில் பிடுங்கி ஒரு கால் மணி நேரம் திட்டினாள். ஆனாலும் சிலதெல்லாம் எனக்கு வாயில் வராது, அதனால் எழுதுகிறேன்.

அந்த வியாழக்கிழமை உங்களுக்கு மாத்திரை மயக்கம், பாதிதான் நினைவிருக்கும். நான் பெட்டியைத் திறந்து கத்தியை எடுத்ததும் நர்ஸ் ஓடிவந்தார். "பிளேடு ஆகாது, சின்னக் கீறல் விழுந்தாலும் ஆபரேஷன் தள்ளிப்போயிடும், மெஷின்தான்." அவர்கள் மெஷினையே துடைத்துக் கொடுத்தார்கள். இடது பக்கம் மட்டும் போதும் என்றார்கள். நீங்கள் கண்ணை மூடியபடியே, "முழுசா எடுடா, பாதி வச்சா அளவு தப்பின சட்டை மாதிரி இருக்கும்" என்றீர்கள். அது ஞாபகம் இருக்கிறதா?

மெஷினைப் போட்டேன். கை நடுங்கியது. சாதாரண நடுக்கம் இல்லை, மெஷின் காற்றிலேயே ஆடியது. பதினாறு நாள் யார் தலையையும் தொடாத கை. வைத்தேன், எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். நர்ஸ் மணியைப் பார்த்தார். அக்கா அதுவரை ஜன்னல் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தாள். ரயிலிலிருந்து இறங்கி நான் வந்ததற்கு "வா" என்றுகூடச் சொல்லவில்லை. அவள் வந்து கட்டிலின் தலைமாட்டில் நின்று, உங்கள் தலையை ரெண்டு கையாலும் பிடித்தாள். "நான் பிடிச்சிருக்கேன். நீ எடு" என்றாள்.

எடுத்துவிட்டேன் அத்தான். நடுக்கம் எப்போது நின்றதென்று தெரியாது. நெற்றியிலிருந்து ஆரம்பித்து அவள் விரலுக்கு இடையிலெல்லாம் எடுத்தேன். இடது காதுக்குப் பின்னால் வந்ததும் வீக்கம் வடிந்து மஞ்சளாகக் கிடந்தது. அக்கா அதை ஒரு விரலால் தொட்டாள். "இவ்ளோ சின்னதா இருக்கு" என்றாள். பிறகு முந்தானையால் உங்கள் தலையைத் துடைத்துவிட்டு என் தலையிலும் ஒரு தட்டு தட்டினாள். வலித்தது.

வெள்ளிக்கிழமை நாலரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது மணியில்தான் வாயைத் திறந்தாள். "நீ செஞ்சது தப்புதான். அத நான் மறக்க மாட்டேன்." "மறக்காதக்கா." "அன்னிக்கு நீ போன் பண்ணாம இருந்திருந்தா…" என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து "டீ குடிக்கறியா?" என்றாள். கீழே போய்க் குடித்துவிட்டு வந்தோம். சர்க்கரை இல்லை அந்த டீயில், ரெண்டு பேருமே கவனிக்கவில்லை. டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்து "கிளிப் போட்டாச்சு, நல்லா இருக்கார்" என்றதும் அக்கா அவருக்குக் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். ரொம்ப நேரம் திரும்பியே நின்றேன்.

புதன்கிழமை சலூனைத் திறந்தேன். ஒன்பது தலை. கண்ணாடி மேல் "இங்கே கழுத்து திருப்பப்பட மாட்டாது" என்று எழுதி ஒட்டிவிட்டேன். முறைக்கிறார்கள். வாத்தியார் மட்டும் "ஒரே ஒரு சொடக்குப்பா, யாருக்கும் தெரியாம" என்று கெஞ்சினார். "சார், உங்களுக்குக் கழுத்து வேணுமா, சொடக்கு வேணுமா?" என்றேன். யோசித்துப் பார்த்துக் கழுத்தே இருக்கட்டும் என்றார். வேலை செய்யும்போது மனசு நன்றாக இருக்கிறது. ஷட்டரை முழுசாகத் தூக்கியிருக்கிறேன்.

சொல்ல வந்தது இதுதான். வெள்ளிக்கிழமை காலை உங்களைத் தள்ளுவண்டியில் வைத்து உள்ளே கொண்டுபோனபோது, கதவுக்கு முன்னால் அக்காவைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். நீங்கள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "உங்க அக்காவப் பாத்துக்கோடா" என்றீர்கள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் என்ன பதில் சொல்ல முடியும்? தலையை ஆட்டினேன், கதவு மூடிவிட்டது.

அந்தத் தலையாட்டலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என்னால் முடியாது. அஞ்சாறு நாள் கூட இருந்து பார்த்துவிட்டேன், அவளை யாராலும் சமாளிக்க முடியாது. சீக்கிரம் வந்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மச்சினன்